கேஜ் ரூமில் பூசை

ஆயுத பூசை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த திங்கட்கிழமை காலையில் கேஜ் ரூமுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் என்று சொல்ல முடியாது. மூச்சை உள்ளே இழுத்த ஆள் அதை வெளியே விட முடியாமல் திணறுகிற மாதிரி இருந்தது. நான் பம்பு பாடிகளை ட்ராலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். ட்ராலியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

நித்யஸ்ரீ மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வரிசை வரிசையாக இரும்புக் கட்டைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். பெட்டி மூடியில் விபூதிப் பட்டை. நான்கு மூலையிலும் வாடிய சாமந்திப் பூ.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

“என்னுங்க அம்மணி, என்ன ஆச்சு?” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “மீரான் சாரைக் கூப்பிடுங்க” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

எங்களுடையது பம்புசெட் கம்பெனி. லேத்தில் கடைகிற சாஃப்டை மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள். அந்த மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டைகள். ஸ்லிப் கேஜ் என்று பெயர். கம்பெனிக்குள் அளவு பற்றி எந்தத் தகராறு வந்தாலும் கடைசித் தீர்ப்பு இந்தப் பெட்டிதான். அதற்கென்று தனி ரூம், ஏசி, பூட்டு. வெறுங்கையால் தொடக்கூடாது, வேர்வை பட்டாலே துரு ஏறிவிடும். தோல் துணியால் பிடித்து எடுத்து, வேலை முடிந்ததும் வாசலின் தடவி வைக்க வேண்டும். கட்டையின் முகம் கண்ணாடியை விட வழவழப்பாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தித் திருகினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அதை ஒட்டுக்கட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

நித்யஸ்ரீ டிப்ளமோ முடித்துவிட்டு ட்ரெய்னியாக வந்தவள். ஊர் பவானி. மிஷின் ஷாப்புக்குள் ட்ரெய்னியாக வந்த முதல் பெண் அவள்தான். வந்த புதிதில் ஃபோர்மேன் நாகூர் மீரான், “அம்மணிக்கு அரம் எதுக்கு, நகத்தை ராவறதுக்கா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அவளும் சிரித்தாள். அடுத்த வாரமே கையில் கொப்புளத்தோடு வந்து, “சார், நகம் தேஞ்சு போச்சுங்க, இனி என்னத்த ராவறது?” என்று கேட்டாள். அதிலிருந்து அவர் அவளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனியில் ட்ரெய்னிகளுக்கு ஒரு வருசப் பயிற்சி. ஃபவுண்டரி, லேத், அசெம்ப்ளி என்று சுற்ற விட்டு, கடைசியில் ஒரு பிரிவைத் தனியாக ஒப்படைப்பார்கள். அதை ஒழுங்காக நடத்திக் காட்டினால் கன்ஃபர்ம் செய்வார்கள். இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு வந்தது கேஜ் ரூம். அவள் நேரமோ என்னவோ, அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஐஎஸ்ஓ தரச் சான்று வாங்குகிற வேலையும் நடந்தது. வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து ஆடிட்டர் வருகிறார். அவர் கேஜ் ரூமைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் அவள் பெர்மனென்ட்.

வீட்டிலும் அவளுக்கு ஒரு வருசம்தான் கெடு. அதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள். “பெர்மனென்ட் ஆனா இரு, இல்லாட்டி வந்து பொண்ணு பார்க்க வாரவங்களுக்குக் காப்பி குடுன்னு எங்கப்பா சொல்லிப்போட்டாருங்க. எனக்கு காப்பி போட வராதுங்க. அதனால பெர்மனென்ட் ஆயித்தான் ஆவோணும்.”

நாகூர் மீரான் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“யா அல்லா. யாரும்மா செஞ்சது இது?”

அவள் இரண்டு கட்டைகளை எடுத்தாள். பெட்ரோல் தொட்ட துணியால் பொட்டைத் துடைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் திருகினாள். கையை எடுத்ததும் மேல் கட்டை வழுக்கி மேசையில் ‘டக்’ என்று விழுந்தது. வேறு இரண்டை எடுத்தாள். அதுவும் விழுந்தது. மீரான் ஒன்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் முழுக்க முடி முடியாகக் கீறல். ஓரத்தில் காவி நிறத்தில் துரு பூக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் சென்னியம்மாள் சீமாறோடு உள்ளே வந்தாள். கம்பெனியைக் கூட்டித் துடைப்பவள், காண்ட்ராக்டர் ஆள். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா கண்ணு? எப்பிடி இருக்குது உன்ற சாமி?”

நித்யஸ்ரீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா… இதையெல்லாம் எதுலக்கா தொடச்சீங்க?”

“தொடைக்கறதா? நல்லாக் கேட்டே போ. தொடைச்சா அந்தப் பிசுக்கு போகுமா? வளவளன்னு என்னமோ பூசிக் கெடந்துது. பாவம், அம்மணி ஊருக்குப் போற அவசரத்துல அப்பிடியே உட்டுட்டுப் போயிருச்சாட்ட இருக்குதுன்னு, புளியும் செங்கப்பொடியும் போட்டு, தேங்காநாருல ஒவ்வொண்ணா விளக்கினேன். பொறவு மஞ்சத்தண்ணி. கையே ஓஞ்சு போச்சு. ஊட்டுக் குத்துவெளக்குக்கூட இப்பிடி மின்னாது, பாரு!”

நாகூர் மீரான் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். பூசைக்கு முந்தின நாள் அவரவர் மிஷினை அவரவர் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பூப்போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பொரி, கடலை எல்லோருக்கும் உண்டு. மீரான்கூடத் தன் பழைய லேத்தை மற்றவர்களை விடப் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டு, “பொட்டு மட்டும் நீங்க வெச்சுக்குங்கப்பா” என்று ஒதுங்கிக்கொள்வார். பூசை போடாமல் ஒரு ரூம் பூட்டிக் கிடந்தால் அது ஆகாது என்பது எங்களிடம் கட்டுப்பாடு. நித்யஸ்ரீ பவானி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தாள். கேஜ் ரூம் சாவியை யாரிடமும் தரக்கூடாது என்பது விதி. அவள் அதைச் சென்னியம்மாளிடம் கொடுத்து, “தரையைத் துடைச்சு, கதவுல மட்டும் பொட்டு வெச்சுருங்கக்கா, உள்ள எதையும் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சென்னியம்மாளும் முதலில் அப்படித்தான் செய்தாளாம். பிறகு மனசு கேட்கவில்லையாம். “கதவுக்குப் பொட்டு வெச்சுப்போட்டு உள்ள இருக்கற சாமியைப் பட்டினி போடறதாங்க? வியாழக்கிழமை இந்தப் புள்ளைக்குப் பரீச்சை மாதிரின்னு எல்லாரும் சொல்றீங்க. அவ சாமி கும்புடாம ஊருக்குப் போயிட்டா, அவளுக்காக நானாச்சும் கும்புட வேண்டாமா?”

இதை அவள் சொல்லும்போது இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

“ஏன் கண்ணு? பளபளன்னு தானே இருக்குது?”

நித்யஸ்ரீ அவள் கையைப் பிடித்து அதில் இரண்டு கட்டைகளை வைத்தாள். “ஒட்ட வையுங்கக்கா.”

முன்பு ஒரு நாள் நித்யஸ்ரீ ஒட்டிக் காட்டியபோது சென்னியம்மாள் வாயைப் பிளந்து பார்த்தவள்தான். அதே மாதிரி வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. மறுபடியும் அழுத்தினாள். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு தரம்.

“நானா?” என்றாள்.

நித்யஸ்ரீ கட்டைகளை அவளிடமிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

“நாம் போய் மேனேசர்கிட்டச் சொல்லிப்போடறேன் கண்ணு. நாஞ் செஞ்சதுன்னு சொல்லிப்போடறேன்.”

“நீங்க எங்கயும் போக வேண்டாம்” என்றாள் நித்யஸ்ரீ. “சாவி நாங் குடுத்தது. போய் வேலையைப் பாருங்க.”

மேனேஜர் பாலகோபால் வந்து பெட்டியைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார். அதிர்ச்சியில் சிலருக்குச் சிரிப்புதான் வரும். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று.

“சாவி யார்கிட்ட இருந்துது?”

“எங்கிட்டங்க சார்.”

“அப்புறம்?”

“நாந்தான் கைமாத்திக் குடுத்தேன்.”

“யாருக்கு?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீரான் ஜன்னலைப் பார்த்தார்.

“கேட்கறேனில்ல?”

“குடுத்தது என்ற தப்புங்க சார். அதுக்கு மேல சொல்ல மாட்டேனுங்க.”

“எல்லாரும் மிஷினுக்குப் பூசை போட்டாங்க. நீ ஒருத்திதான் கம்பெனிக்கே கருமாதி பண்ணிப்போட்டே” என்றார். கோபத்தில் சொன்னாலும் குரல் ஓங்கவில்லை. அவரும் ஆடிப்போயிருந்தார். புதுப் பெட்டி பெங்களூரிலிருந்து வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதம் ஆகிவிடும். ஆடிட்டர் வருவது வியாழக்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் பாலகோபால் என்னைக் கூப்பிட்டு ஆட்டோவில் அனுப்பினார். சோமனூர் ரோட்டில் வால்வு கம்பெனி வைத்திருக்கிறவர் அவருக்கு ஒறம்பரை, சொந்தக்காரர். அங்கே இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது, ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருக்கிறேன், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வாங்கி வா என்றார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குழியிலும் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கெட்டுப்போன எங்கள் பெட்டியை அடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இரவல் பெட்டி மேசைக்கு வந்தது.

“நாளைக்கு அந்தாளு ஒட்டிக் காட்டச் சொன்னா ஒட்டிக் காட்டு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன்ற கன்ஃபர்ம் லெட்டர் டைப் ஆகி என்ற மேசையில இருக்குது. சாயந்திரம் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார் பாலகோபால். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துச் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தார். ஒல்லியான ஆள், சர்க்கரை இல்லாத டீ, மெதுவான பேச்சு. அவரைப் பார்த்தால் ஒரு கம்பெனியே இவருக்குப் பயந்து கிடக்கிறது என்று நம்ப முடியாது. வேலை முடிந்த உடனே பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று என்னைக் கேஜ் ரூம் வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

நித்யஸ்ரீ தோல் துணியால் இரண்டு கட்டைகளை எடுத்தாள். வைத்தாள், திருகினாள், தூக்கிக் காட்டினாள். ஒட்டிக்கொண்டு நின்றது. ஆடிட்டர் அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு. பழகின கை. ட்ரெய்னிக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்று பாலகோபாலிடம் சொன்னார். பாலகோபால் முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. மீரான் மெதுவாக மூச்சு விட்டார்.

ஆடிட்டர் கிளம்பிவிட்டார். ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். அப்போது திரும்பி, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, “இந்த செட் எத்தனை நாளா இங்க இருக்கும்மா?” என்றார்.

“நேத்துல இருந்துங்க சார்” என்றாள் நித்யஸ்ரீ.

பாலகோபால் ஓரடி முன்னால் வந்தார். “புதுசு சார், பயத்துல என்னமோ…” என்று தொடங்கினார்.

“இது எங்களோடது இல்லீங்க சார். எங்களோடது கெட்டுப்போச்சு” என்றாள். சொல்லிவிட்டு அடி அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். துடைக்காமல் விட்டிருந்த கட்டைகளில் குங்குமம் இன்னும் இருந்தது. துரு மூன்று நாளில் நன்றாகப் பூத்திருந்தது.

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனை கம்பெனி பார்த்திருப்பார்! பொட்டு வைத்த ஸ்லிப் கேஜைப் பார்த்திருக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

ஐஎஸ்ஓ அன்றைக்குக் கிடைக்கவில்லை. புதுப் பெட்டி வாங்கி வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரவல் பெட்டியை நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது மீரான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “வாயை மூடிட்டு ஒரு நிமிசம் நின்னிருந்தா நீ பெர்மனென்ட். அந்தாளு பாதி வெளிய போயிட்டாரு. ஏம்மா?”

“அவரு கேட்டுட்டாருங்க சார்” என்றாள். “கேட்காம போயிரோணும்னு தானுங்க நானும் வேண்டிட்டு நின்னேன்.”

மீரான் திரும்பி லேத் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளியும் பாலகோபாலும் பேசி முடிவு செய்தார்கள். கன்ஃபர்ம் கிடையாது. இன்னொரு வருசம் ட்ரெய்னியாகவே இருப்பதானால் இருக்கலாம், இல்லாவிட்டால் மாசக் கடைசியோடு கிளம்பலாம்.

சனிக்கிழமை அவள் அப்பா அப்புசாமி வந்தார். யாரும் சொல்லி வரவில்லை. வியாழக்கிழமை பரீட்சை முடிந்திருக்கும், பெர்மனென்ட் ஆகியிருக்கும் என்று அவராகவே வந்துவிட்டார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. கையில் ஒரு பெரிய ஸ்வீட் பெட்டி. நாங்கள் கேட்டில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். மீரான் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்புசாமி எங்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். “புள்ளையப் பாத்துக்கிட்டீங்க, ரொம்பச் சந்தோசமுங்க” என்றார். நாங்கள் குனிந்து லோடு ஏற்றுவதைத் தொடர்ந்தோம்.

நித்யஸ்ரீ வெளியே வந்தாள்.

“ஆச்சா அம்மணி?”

“ஆகலீங்கப்பா.”

“என்ன ஆகலே?”

அவள் சொன்னாள். சாவி கொடுத்ததையும், கட்டை கெட்டதையும், ஆடிட்டரிடம் சொன்னதையும், இன்னொரு வருசம் என்று சொன்னதையும் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடம் அப்படியே காலியாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

“சரி. போய் துணிமணியெல்லாம் எடுத்துட்டு வா. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்.”

சீமாறைக் கீழே போட்டுவிட்டுச் சென்னியம்மாள் ஓடி வந்தாள். “ஏனுங்க, ஏனுங்க, ஒரு நிமிசமுங்க! அது செஞ்சதில்லீங்க. நாஞ் செஞ்சதுங்க. புளி போட்டு விளக்கினது நானுங்க. தங்கமாட்டப் புள்ளைங்க அது. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க!”

ஆபீஸ் படியில் பாலகோபால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டது. “சென்னியம்மா… நீயா?” என்றார். அப்புறம் படியிலேயே நின்றார். கீழே இறங்கி வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. முதலாளியிடம் எல்லாம் நித்யஸ்ரீயின் தப்பு என்று சொல்லி முடித்தாகிவிட்டது, இனி மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வராது என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, “போ, போய்க் கூட்டற வேலையைப் பாரு” என்றார்.

அப்புசாமி மகளைப் பார்த்தார். “இந்தம்மாளுக்காக நீ தலையக் குடுத்தியா?”

“இல்லீங்கப்பா. குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதானுங்க சாவியக் குடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு குடுத்தேன். அது என்ற தப்பு.”

“இருக்கட்டும். கெடு ஒரு வருசம்னு பேச்சு. முடிஞ்சுது. வா.”

“நான் வரலீங்கப்பா.”

அவர் காதில் அது விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. ஸ்வீட் பெட்டியைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. இருபது வயசுவரை அந்தப் பெண் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கும் அது புதிதுதான் போலிருக்கிறது. சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் நின்றாள்.

“என்ன சொன்னே?”

“இன்னொரு வருசம் இருக்கறேனுங்கப்பா. இப்ப வந்தா, கெடுத்துப்போட்டு வந்தவளாத்தான் வருவேன். அப்பிடி வரமாட்டேனுங்க.”

அப்புசாமி திரும்பி நாகூர் மீரானைப் பார்த்தார். பெரிய மனுசனிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டார். “ஏனுங்க, அடுத்த வருசம் நிச்சயமா பெர்மனென்ட் ஆக்கிப்போடுவாங்களா?”

மீரான் ஏதாவது தேறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் தலையை ஆட்டினார். “சொல்ல முடியாதுங்க. ஆக்காமலும் போவாங்க.”

“கேட்டியா?” என்றார் அப்புசாமி.

“கேட்டனுங்கப்பா” என்றாள். நகரவில்லை.

அவர் ஸ்வீட் பெட்டியை வாட்ச்மேன் ஸ்டூலில் வைத்தார். யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். திரும்புவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வேட்டி நுனியை எடுத்து மடித்துக் கட்டினார். போய்விட்டார்.

நித்யஸ்ரீ அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சைரன் ஊதியது. முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனாள். கேஜ் ரூம் பூட்டிக் கிடந்ததால் அவளுக்கு அன்றைக்கு அசெம்ப்ளியில் நட்டு முடுக்குகிற வேலை, ட்ரெய்னிகள் முதல் மாதத்தில் செய்கிற வேலை. ஷிப்டு முடிகிறவரை அதைச் செய்தாள். நாங்கள் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனோம்.